ஜமேதார் பிஸ்டல் சுடுமா, சுடாதா

பட்டாளத்துக்கு ஆள் அனுப்பியே பேர் வாங்கிய ஊர் கருங்காலிப்பட்டு. அந்த ஊரில் பட்டாளத்துச் சாமான் இல்லாத வீடு கிடையாது. ஒரு வீட்டில் இரும்புத் தொப்பியில் கோழிக்குத் தண்ணீர் வைத்தார்கள், ஒரு வீட்டில் பாராசூட் துணியில் பெண்ணுக்குப் பாவாடை தைத்தார்கள், இன்னொரு வீட்டில் பர்மாவிலிருந்து வந்த தண்ணீர்க் குடுவையில் இன்றைக்கும் விளக்கெண்ணெய் இருந்தது, ஆனால் பிஸ்டல் இருந்தது ஒரே ஒரு வீட்டில்தான், அதனால் அந்த வீட்டுக்குப் பிஸ்டல் வீடு என்று பெயர், அந்த வீட்டு மாவு மில்லுக்குப் பிஸ்டல் மில் என்று பெயர், மில்லை நடத்திவந்த தாட்சாயணியம்மாளைப் பிஸ்டலம்மா என்று சொன்னால்தான் தபால்காரருக்கே ஆள் யாரென்று விளங்கும்.

பிஸ்டலைக் கொண்டுவந்தவர் அவளுடைய மாமனார் ஜமேதார் ஏகாம்பரம். பெரிய யுத்தத்தில் பாலைவனத்தில் நின்றபோது, சரணடைந்த இத்தாலிக்கார அதிகாரி ஒருவன் அதைத் தன் இடுப்பிலிருந்து எடுத்து, முத்தம் கொடுத்து, அழுதுகொண்டே அவர் கையில் வைத்தான் என்பது பிஸ்டல் வீட்டுக் கதை. எதிர்வீட்டு ஹவில்தார் பொன்னுரங்கத்தின் கதை வேறு.

"கெய்ரோ சந்தையில வாங்கின தீபாவளித் துப்பாக்கி அது. கேப் வெச்சு அடிச்சாக்கூட வெடிக்காது" என்று தன் வராந்தாவில், தன் சாய்வு நாற்காலியில் இருந்தபடி, தெருவில் போகிற வருகிற எல்லோருக்கும் சொன்னார். ரிட்டயராகி வந்த நாள் முதல் அதே நாற்காலி, அதே வராந்தா, அதே பேச்சு. இதனால் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கல்யாணப் பத்திரிகைகூட எதிர்வீட்டுக்குத் தபாலில்தான் போகும்.

ஜமேதார் போய், அவர் மகன், தாட்சாயணியம்மாளின் புருஷன் கோதண்டமும் போனபிறகு, லைசென்ஸ் யார் பேரிலும் இல்லாமல் பிஸ்டல் மட்டும் பீரோவில் கிடந்தது. கிடந்தது மேலிடத்துக்குத் தெரிந்து, ஆயுதப் பரிசோதகர் ஜீவரத்தினம் ஒருநாள் பஸ்ஸில் வந்து இறங்கினார். இளம் வயது, அழுத்தி வாரிய தலை, எதையும் அவசரப்பட்டு எழுதிவிடக்கூடாது என்ற பயம்.

"சுடுற துப்பாக்கின்னா அது ஆயுதம்மா. நீங்க வெச்சுக்க முடியாது, ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும். சுடாத துப்பாக்கின்னா பழம்பொருள். சேகரிப்புல சேரும். கண்ணாடிப் பெட்டியில வெச்சு மாலைகூடப் போட்டுக்கலாம்" என்றார்.

மில் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி ஏரிக்கரை வரைக்கும் கேட்கிற தொண்டை தாட்சாயணியம்மாளுக்கு. அந்தத் தொண்டையிலிருந்து அன்றைக்குக் காற்றுதான் வந்தது. பிஸ்டல் சுட்டால், பாலைவனத்திலிருந்து வந்த பொருள் ஸ்டேஷனில் கள்ளச்சாராய கேனுக்கும் துருப்பிடித்த அரிவாளுக்கும் நடுவே கிடக்கும். சுடாவிட்டால், பொன்னுரங்கம் சொன்னது உண்மையாகிவிடும், மாமனார் சொன்னது பொய்யாகிவிடும்.

"பாக்காமலே எழுதிடக்கூடாதா சார்?" என்று கேட்டாள்.

"சுட்டுப் பாக்காம எப்படிம்மா எழுதுறது?"

பிஸ்டலுக்குள் ஜமேதார் காலத்துத் தோட்டா ஒன்று மிச்சமிருந்தது. பின்கட்டில் ஊர் மிளகாய் காய்ந்துகொண்டிருந்ததால் பரிசோதனையை வாசல் பக்கம் வைத்துக்கொண்டார்கள். மதில் சுவரை ஒட்டி மணல் மூட்டைகளை அடுக்கி, தெருவில் வண்டிகளை நிறுத்தி, ஆடுகளை விரட்டி, கர்ப்பிணிகளை உள்ளே போகச் சொல்லிவிட்டு, ஜீவரத்தினம் கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டு விசையை அழுத்தினார்.

ஒன்றும் கேட்கவில்லை. எதிர்வீட்டு வராந்தாவில் பொன்னுரங்கம் சிரித்த சிரிப்பு மட்டும் கேட்டது.

கண்ணைத் திறந்து பார்த்தால், குழந்தையின் ஈறில் முதல் பல் தெரிகிற மாதிரி, குழல் வாயில் குண்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குள் பாதி வெளியே வந்தது. அதுவரைக்கும் பரிசோதகர் நீட்டிய கையை மடக்கக்கூடாது என்று நின்ற இடத்திலேயே நிற்க, தாட்சாயணியம்மாள் அவருக்கு ஸ்பூனில் தயிர்சாதம் ஊட்டினாள். சாயங்காலம் குண்டு குழலை விட்டு வெளியே வந்து, காற்றில், ஒரு பிடிமானமும் இல்லாமல், தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, தெருவைப் பார்த்துப் புறப்பட்டது.

"சுட்டுடுச்சா சார்?"

"இன்னும் சுட்டு முடிக்கலைம்மா" என்றார் ஜீவரத்தினம், கையை நீவிக்கொண்டே. "போய்ச் சேரணும். சேர்ந்தாத்தான் சுட்டதா அர்த்தம்."

அவர் ரேஷன் கடை மாடியில் அறை எடுத்துத் தங்கிவிட்டார்.

காலையில் கோலம் போடும்போது பார்த்த இடத்திலிருந்து மறுநாள் கோலத்துக்குள் குண்டு ஒரு சாண் நகர்ந்திருக்கும். அதற்கு அவசரமும் இல்லை, நிற்கிற உத்தேசமும் இல்லை. மணல் மூட்டையைத் துளைத்தது, மதில் சுவரைத் துளைத்தது, நடுவில் யாரோ சோதித்துப் பார்க்கப் பிடித்த தோசைக்கல்லையும் பொறுமையாகத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வந்தது. சத்தமும் அதே கதிதான். டுமீல் என்கிற சத்தத்தில் "டு" மட்டும் மணல் மூட்டையில் இருந்த காலம் முழுக்க கிரைண்டர் ஓடுகிற மாதிரி ஊருக்குள் ஓடிக்கொண்டிருந்தது, அதில் கைக்குழந்தைகள் நன்றாகத் தூங்கின. சுவரைத் தாண்டியபோது "மீ" தொடங்கி நாய்களுக்குப் பிடிக்காமல்போனது. தெருவுக்கு வந்தபோது "ல்" வந்து மெல்லத் தேய்ந்து அடங்கியது, அடங்கிய பிறகு ஊரில் பலருக்குக் காதில் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது.

தெருவுக்கு வந்த குண்டை ஊர் தன் வழக்கப்படி ஏற்றுக்கொண்டது. முதல் வேலையாகப் பஞ்சாயத்தில் அதைச் சுற்றி நாலு கல் நட்டு, குண்டு நகர நகரக் கல்லையும் நகர்த்துவதற்கு ஆள் போட்டார்கள். டவுன் பஸ் ஒதுங்கிப் போனது. குண்டு எப்போதும் சுடு இட்லி மாதிரி வெதுவெதுப்பாக இருக்கிறது என்று கண்டுபிடித்த மூட்டுவலிக்காரர்கள் முழங்கையை அதன் பக்கவாட்டில் வைத்து ஒத்தடம் எடுக்க வரிசையில் நின்றார்கள். யாரோ மஞ்சள் பூசினார்கள், யாரோ குங்குமம் வைத்தார்கள், அது சுற்றிக்கொண்டே இருந்ததால் பொட்டு நெற்றியில் நிற்காமல் வளையமாகிவிட்டது. கல்யாண ஊர்வலங்கள் அதை வலம் வந்து போயின. "உங்க பொண்ணு எப்பப் பொறந்தா?" என்று கேட்டால், "குண்டு சாக்கடையைத் தாண்டினப்ப" என்று பதில் சொல்லப் பழகிக்கொண்டார்கள். நாள் போகப் போக, அதிகாலையில் தண்ணீர் பிடிக்கப் போகிற பெண்கள் அதன் பக்கத்தில் நின்று வீட்டுக் குறையைச் சொல்லிவிட்டுப் போனார்கள். குறுக்கே பேசாமல் கேட்கிற ஒன்று அந்தத் தெருவில் அதுவரை இருந்ததில்லை.

இது இப்படியே போயிருக்கும், ஒருநாள் கொத்தனார் அய்யாக்கண்ணு நூல் பிடித்துப் பார்க்காமல் இருந்திருந்தால். குண்டின் முதுகில் ஒரு முனையை வைத்து, போகிற திசையில் நூலை இழுத்துக்கொண்டே போனார். நூல் தெருவைத் தாண்டி, பொன்னுரங்கம் வீட்டுப் படியைத் தாண்டி, வராந்தாவைத் தாண்டி, சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பொன்னுரங்கத்தின் சட்டையில் மூன்றாவது பொத்தானில் போய் முட்டியது.

"ஹவில்தாரே, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றார் அய்யாக்கண்ணு.

"எதுக்கு?"

"குண்டு வருது."

"தீபாவளித் துப்பாக்கியில இருந்து குண்டு எப்படிய்யா வரும்?" என்று பொன்னுரங்கம் பேப்பரைத் திருப்பினார்.

ஊரில் எல்லோரும் போய்ச் சொல்லிப் பார்த்தார்கள். ஜீவரத்தினம் நேரில் போய், "சார், நீங்க இலக்கா இருக்க வேண்டிய அவசியமே இல்லை, சுவரே போதும்" என்று கெஞ்சிப் பார்த்தார். இளவட்டங்கள் நாற்காலியோடு தூக்கிக் கொண்டுபோய்க் கோயில் வாசலில் வைத்தார்கள்; அவர் நாற்காலியைத் தலையில் சுமந்துகொண்டு திரும்பி வந்து, தரையில் இருந்த நாற்காலித் தழும்பில் கால்களைச் சரியாகப் பொருத்திப் போட்டு உட்கார்ந்தார். குண்டு வராந்தாக் கம்பியைத் தாண்டிய அன்று, டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய யூனிஃபார்மை எடுத்து மாட்டிக்கொண்டார். வயிற்றுப் பொத்தான் எட்டவில்லை. மெடல்கள் மட்டும் பளபளவென்று இருந்தன.

அன்றைக்குத்தான் அவர் மனைவி ஜகதாம்பாள் தெருவைக் கடந்து பிஸ்டல் வீட்டுக்குள் கால் வைத்தாள். மில் ஓடிக்கொண்டிருந்தது. தாட்சாயணியம்மாள் ஒருநிமிஷம் யார் என்றே புரியாமல் பார்த்துவிட்டு, பெல்ட்டைத் தள்ளி மில்லை நிறுத்தினாள்.

"உள்ள வா ஜகதா. உக்காரு."

ஜகதாம்பாள் மாவு மூட்டை மேல் உட்கார்ந்தாள். "கட்டின நாள்லேர்ந்து நான் சொல்லி அந்த மனுஷன் எதுக்கும் எந்திரிச்சதில்ல அக்கா. காய் வாங்கப் போங்கன்னா எந்திரிக்க மாட்டாரு. மழை வருது, துணியை எடுங்கன்னா எந்திரிக்க மாட்டாரு. இப்ப சாவு வருது, அதுக்கும் எந்திரிக்க மாட்டேங்கறாரு." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "திடீர்னு போய்ட்டா அழுதுட்டு எந்திரிச்சுடலாம். இதைத் தினம் காபி கொடுக்கறப்பவும் பாத்துக்கினு எப்படிக்கா அழறது? அழ ஆரம்பிச்சா அடுப்புல பால் பொங்கிடுது."

தாட்சாயணியம்மாள் அப்படியே, கையெல்லாம் மாவோடு, எதிர்வீட்டு வராந்தாவுக்குப் போனாள். குண்டு வராந்தாக் கம்பியைத் தாண்டி உள்ளே வந்திருந்தது. அதற்கு இந்தப் பக்கம் அவள் நின்றாள், அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்திருந்தார்.

"ஹவில்தாரே, உங்க வாயால தீபாவளித் துப்பாக்கின்னே சொல்லிக்கினு போங்க. நான் ஒத்துக்கறேன். ஊரைக் கூட்டிச் சொல்றேன். எந்திரிங்க."

பொன்னுரங்கம் குண்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அதுக்கில்ல தாட்சாயணி. உனக்கு என் சர்வீஸ் தெரியுமா?"

"ஜபல்பூர்ல இருந்தீங்கன்னு தெரியும்."

"கம்பளி ஸ்டோர். சேர்ந்த நாள்ல இருந்து ரிட்டயர் ஆற வரைக்கும் கம்பளி. சண்டை வந்தப்பக்கூட எல்லையில இருந்தவனுக்குக் கம்பளிதான் அனுப்பினேன். உன் மாமனாரு ஒவ்வொரு தீபாவளிக்கும் பாலைவனத்துக் கதை சொல்வாரு, நான் வாசல்ல நின்னு கேட்டுக்கினு இருப்பேன். எதிர்ல குண்டு வந்தா நான் ஓடுவேனா, நிப்பேனான்னு எனக்கே தெரியாது. தெரியாமலே சாகப் போறேன்னு நெனச்சுக்கினு இருந்தேன்." அவர் குண்டைக் கையால் காட்டினார். "இப்பத் தெரிஞ்சுபோச்சு. நான் ஓடலை, பாத்தியா?"

"பாத்தேன். ஊரே பாத்துச்சு. போதும், எந்திரிங்க."

"ஆர்டர் இல்லாம போஸ்டை விட்டு எந்திரிச்சா அதுக்குப் பேரு வேற" என்றார் பொன்னுரங்கம். பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார்.

குண்டுக்கும் மூன்றாவது பொத்தானுக்கும் ஒரு சாண்தான் இருந்த காலையில், ஊர் முழுக்கத் தெருவில் நின்றது. வளையக் குங்குமத்தோடு குண்டு சுற்றிக்கொண்டிருந்தது. பொன்னுரங்கம் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். மீசை மட்டும் கொஞ்சம் ஆடியது. ஜகதாம்பாள் கையில் காபி டம்ளரோடு வாசற்படியில் நின்றாள், கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல்.

அப்போது பிஸ்டல் வீட்டுக் கதவு திறந்து தாட்சாயணியம்மாள் வந்தாள். புடவைக்கு மேலே ஜமேதார் ஏகாம்பரத்தின் தோல் பெல்ட்டை இறுக்கிக் கட்டியிருந்தாள். பெல்ட்டின் பித்தளைக் கொக்கியைப் புளி போட்டுத் தேய்த்திருந்ததால் வெயிலில் அது கண்ணைப் பறித்தது. தெரு நடுவில் வந்து, காலைச் சேர்த்து நின்று, மில் சத்தத்துக்கு மேலே கத்துகிற அந்தத் தொண்டையைத் திறந்து, மாமனார் வாயில் கேட்டுப் பழகிய பட்டாளத்து இந்தியில் ஆர்டர் கொடுத்தாள்.

"ஹவில்தார் பொன்னுரங்கம்! சாவ்தான்!"

நாற்காலியிலிருந்து பொன்னுரங்கத்தின் உடம்பு எழுந்தது. அவர் எழவில்லை, உடம்புதான் எழுந்தது, அவருக்கு யோசிக்க நேரமே கொடுக்காமல். குதிகால்கள் ஒட்டின, கைகள் தொடையில் பதிந்தன. தெருவில் நின்ற பழைய சிப்பாய்கள் அத்தனை பேரும், காய்கறி வண்டிக்காரர் உட்பட, விறைத்து நின்றார்கள்.

"தாஹினே முட்!"

அவர் வலப்பக்கம் திரும்பினார்.

"தேஜ் சல்!"

பொன்னுரங்கம் வராந்தாவின் ஓரம் வரை நடந்து, படியில் தடதடவென்று இறங்கி, தெருவில் கையை வீசிக்கொண்டு போனார். ஜனங்கள் ஓவென்று கத்தினார்கள், ஜகதாம்பாள் காபியைத் தானே குடித்துவிட்டு உட்கார்ந்து அழுதாள், பால் பொங்குகிறதா என்று பார்க்கவில்லை. குண்டு காலியான நாற்காலியின் கான்வாஸைப் பார்த்து, அதே கதியில், சுற்றிக்கொண்டே போனது. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்ததில், நிறுத்தச் சொல்லி ஆர்டர் கொடுக்க வேண்டும் என்பதைத் தாட்சாயணியம்மாள் மறந்துவிட்டாள். பொன்னுரங்கம் கடைத்தெருவைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, ஏரிக்கரைமேல் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறார் என்று யாரோ வந்து சொன்னபிறகுதான் அவள் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். கரை மேலே நின்று மூச்சிரைக்க, "தம்!" என்றாள்.

அவர் நின்றார். திரும்பவில்லை. எதிரே ஏரித் தண்ணீரில் கொக்குகள் நின்றன.

"ரிலீவ் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டார். அவளை அவர் நீங்க என்று சொன்னது அதுவே முதல் தடவை.

"பண்ணிட்டேன் ஹவில்தாரே. டியூட்டி முடிஞ்சுது. வாங்க, வீட்டுக்குப் போலாம்."

யூனிஃபார்ம் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் திரும்பினார். 

சில நாளில் நாற்காலியில் துளை விழுந்துவிட்டதால் பரிசோதனை முடிந்தது என்று ஜீவரத்தினம் முடிவு செய்து, பஞ்சாயத்து அலுவலகத்தில் இருவரையும் உட்கார வைத்து, பேனாவைத் திறந்தார். ஊர் ஜன்னலில் தொங்கியது.

"அம்மா, நீங்க சொல்லுங்க. பிஸ்டல் சுடுமா, சுடாதா?"

தாட்சாயணியம்மாள் முந்தைய நாள் முழுக்க யோசித்து வைத்திருந்தாள். சுடாது என்று சொன்னால் பிஸ்டல் அவளுக்கு. ஆனால் சுடாத பிஸ்டலுக்கு எதிரே உட்கார்ந்த ஆள் யார்? வெறும் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர், அவ்வளவுதான்.

"எழுதிக்குங்க சார். சுடும். நல்லா சுடும். ஹவில்தாரு நெஞ்சுக்கு நேரா வந்துச்சு, அவரு அசையல. ஸ்டேஷனுக்குக் கொண்டுபோங்க."

ஜன்னலில் சலசலப்பு எழுந்தது. ஜீவரத்தினம் எழுதப் போனார்.

"சார், நில்லுங்க" என்றார் பொன்னுரங்கம். முகம் சிவந்திருந்தது. "இந்தம்மாவுக்குத் துப்பாக்கி பத்தி இன்னா தெரியும்? நான் பட்டாளத்துக்காரன், நான் சொல்றேன். சுட்டா சத்தம் கேக்கறதுக்கு முன்னாடி குண்டு வந்துடும். இங்க சத்தம் வந்து, போயி, எல்லாரும் மறந்த பிறகு குண்டு வந்துச்சு. அது சுடல."

"சுடாம உங்க நாற்காலியில ஓட்டை எப்படி சார் வந்துச்சு?"

பொன்னுரங்கம் தாட்சாயணியம்மாளைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். அவர் சட்டையில் குத்தியிருந்த மெடல்களை ஒருதடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"நடந்து வந்துச்சு சார்" என்றார். "சுடல. நடந்து வந்துச்சு."

ஜீவரத்தினம் பேனாவை மூடினார். சட்டப் புத்தகத்தை எடுத்து முதலிலிருந்து புரட்டினார். சுடுவது பற்றி இருந்தது, வெடிப்பது பற்றி இருந்தது, தவறுதலாகச் சுடுவது பற்றிக்கூட இருந்தது. நடப்பது பற்றி ஒரு வரி இல்லை. அவர் முகத்தில், ஊருக்கு வந்தபிறகு முதல்தடவையாக, நிம்மதி தெரிந்தது. பேனாவைத் திறந்து, பழம்பொருள், சேகரிப்புக்குரியது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அன்றைக்கே மத்தியான பஸ்ஸில் ஏறினார்.

குண்டு அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பொன்னுரங்கம் வீட்டுச் சமையலறையில் ஜகதாம்பாள் அதற்காக அஞ்சறைப் பெட்டியை இடம் மாற்றி வைத்தாள். அது பின்சுவரைத் துளைத்து, வேர்க்கடலைக் கொல்லையில் இறங்கி, கிழக்கே நெல்வாய்க்குப்பத்தைப் பார்த்து நகர்ந்தது. சேதி தெரிந்து நெல்வாய்க்குப்பத்துப் பஞ்சாயத்துத் தலைவர் ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழத்தோடு கருங்காலிப்பட்டுக்கு வந்தார். பொன்னுரங்கமும் தாட்சாயணியம்மாளும் மில் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்க ஊருக்கு வரப்போவுதாம்" என்றார் தலைவர், தாம்பாளத்தை நீட்டி. "இன்னா மரியாதை பண்ணணும், இன்னா படைக்கணும்னு கேட்டுக்கினு போலாம்னு வந்தேன்."

பொன்னுரங்கம் டம்ளரைக் கீழே வைத்தார். "ஒண்ணும் படைக்க வேணாம். வர்ற வழியில சுவர் இருந்தா ஓட்டை போட்டு வெச்சுடுங்க. மாடு இருந்தா அவுத்துக் கட்டுங்க. யாராச்சும் கிழவன் நாற்காலி போட்டு உக்காந்திருக்கானான்னு பாருங்க."

"உக்காந்திருந்தா?"

"நீங்க சொன்னா எந்திரிக்க மாட்டான். அவன் பொண்டாட்டி சொன்னாலும் எந்திரிக்க மாட்டான்" என்றார் பொன்னுரங்கம். பக்கத்தில் காபியை ஊதிக்கொண்டிருந்த தாட்சாயணியம்மாளைக் கையால் காட்டினார். "இவங்களுக்கு ஆள் அனுப்புங்க."